குட்டி டீசல் எஞ்சின் ஓடேல்லையோ? மேல்மூடியைக் கழட்ட முதல் இதைப் பாருங்கோ

கரண்டில ஓடுற விளையாட்டு ரயிலில வாற, டீசல் எஞ்சின் உருவத்தில செய்த குட்டி எஞ்சினைத் தான் சொல்லுறன். நாலு சில்லு, கூடினா ஆறு. உள்ளங்கைக்குள்ள அடங்கிற நீளம். பெரிய டீசல் எஞ்சினை ரெண்டு பக்கத்தாலயும் பிடிச்சு அமத்தின மாதிரி ஒரு கட்டை உடம்பு, அதில ஒரு குட்டிக் கபின். பழைய ஏதர்ன் ஹஸ்லர், பாக்மன் தோமஸ் வரிசையில வாற மேவிஸ், சால்ட்டி, அதோட பெட்டியில பேரே போடாம வாற எத்தினையோ வகை. எனக்கு இதுகளில சரியான விருப்பம், அதால கொழும்பு வெள்ளவத்தையில எங்கட லேனில ஆற்ற வீட்டில எஞ்சின் நிண்டாலும் கடைசியில என்ர மேசைக்குத் தான் வருது.

அப்பிடி வாறதில கனக்க எஞ்சினுக்கு முதல்ல ஒரு பிழையும் இருந்திராது. தண்டவாளத்தில ஊத்தை, இல்லாட்டி சில்லில ஊத்தை, அவ்வளவு தான். ஆனா அது தெரியாம தகப்பன்மார் ராத்திரி மேல்மூடியைக் கழட்டி, உள்ளுக்க இருக்கிற பிளாஸ்டிக் கொக்கியை உடைச்சு, தலைமயிர் மாதிரி இருக்கிற வயரையும் அறுத்துப்போட்டுக் கொண்டு வருவினம். துடைச்சிருந்தா ஓடியிருக்கும். அதால தான் இதை இந்த ஒழுங்கில எழுதுறன், காசில்லாத வேலை முதல்ல, காசு போற வேலை கடைசியில, மூடி கழட்டுறது அதுக்கும் பிறகு.

எதுக்கும் முதல் 9 வோல்ட் பட்டரி

எந்தப் பிழை எண்டாலும் இதைச் செய்யாம கீழ போகாதேங்கோ. புகை அலார்முக்குப் போடுற அந்தச் சதுர 9 வோல்ட் பட்டரி ஒண்டு, ரெண்டு துண்டு வயர். எஞ்சினைத் தலைகீழாப் பிடிச்சு, ஒரு வயரை இடப்பக்கச் சில்லிலயும் மற்றதை வலப்பக்கச் சில்லிலயும் தொடுங்கோ. ரெண்டு வயரையும் ஒரே பக்கத்தில தொட்டா எஞ்சின் அசையாது, அதை வச்சு மோட்டர் செத்துப்போச்சு எண்டு முடிவெடுத்த ஆக்களும் இருக்கினம், வடிவாப் பாத்துத் தொடுங்கோ. ஒரு சில்லில வேலை செய்யாட்டி அதே பக்கத்தில மற்றச் சில்லில தொட்டுப் பாக்கோணும்.

பட்டரியில சில்லு சுத்துதோ? அப்ப எஞ்சின் நல்லா இருக்கு, பிழை தண்டவாளத்திலயோ கரண்ட் பெட்டியிலயோ (சுவரில சொருகி, திருகியால வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி). சுத்தேல்லையோ? அப்ப எஞ்சினுக்குள்ள. ஒரு சில்லில தொட்டாச் சுத்தி மற்றதில சுத்தாட்டி, அந்தச் சில்லில றப்பர் வளையமும் இல்லையெண்டா, கரண்ட் எடுக்கிற தகட்டில பிழை.

ஒரு விலக்கு இருக்கு. டிசிசி சிப் (டிஜிட்டல் கட்டளையில எஞ்சினை ஓட்டுற சிப்) உள்ளுக்க இருக்கிற எஞ்சின் எண்டா இந்தச் சோதனையை நம்பேலாது, சில சிப்பில சாதாரண டிசி கரண்டுக்கு ஓடுற வசதியை நிப்பாட்டி வச்சிருப்பினம், எஞ்சின் நல்லா இருந்தாலும் அசையாது.

அறிகுறி: ஒண்டுமே இல்ல, சத்தமும் இல்ல, லைட்டும் இல்ல

பட்டரியில ஓடினது எண்டா:

முதல்ல தண்டவாளத்துக்குக் குறுக்க ஏதும் இரும்பு கிடக்குதோ பாருங்கோ. பின், ஸ்டேப்ளர் கம்பி, கொண்டை ஊசி, கழண்ட சில்லு, எதுவும் ரெண்டு கம்பியையும் முட்டிக்கொண்டு கிடந்தா கரண்ட் பெட்டி தன்னைத்தானே நிப்பாட்டிப் போடும். எடுத்துப்போட்டு, ப்ளக்கைக் கழட்டி, ரெண்டு மூண்டு நிமிஷம் விட்டுப் பிறகு போடுங்கோ.

அடுத்தது தண்டவாளத்துக்கு வாற வயர். தண்டவாளத்தை மடிச்சு வச்சு எடுக்கிற வீடுகளில பூட்டுற கிளிப் தான் முதல் தளருறது. மல்டிமீட்டர் இருந்தா டிசி 20 வோல்ட்டில வச்சு, திருகியை முழுக்கத் திருப்பிப்போட்டு ரெண்டு கம்பியிலயும் தொட்டா 12 வோல்ட் கிட்டக் காட்டோணும். தண்டவாளத்தில இல்ல, பெட்டியின்ர வாயில இருக்கு எண்டா வயர். பெட்டியிலயும் இல்லையெண்டா பெட்டி.

இந்தப் பெட்டி விஷயத்தில கொழும்பில இருக்கிற நாங்கள் கொஞ்சம் கூடக் கவனமா இருக்கோணும், ஏனெண்டா எங்கட கனபேற்ற செட் வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் சூட்கேஸில கொண்டு வாறது. லண்டனில இருந்து வந்தது எண்டா பயமில்ல, அங்கயும் 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ், மூண்டு தட்டைப் பின் ப்ளக்கும் இஞ்ச தட்டைப் பின் சொக்கெட் இருக்கிற வீட்டில அப்பிடியே போகும். டொரன்டோவில இருந்து வந்தது எண்டா 120 வோல்ட் 60 ஹேர்ட்ஸ், ஜப்பானில இருந்து எண்டா 100 வோல்ட். அந்தத் தட்டை ரெண்டு பின்னுக்கு ஒரு அடப்டரை மட்டும் வாங்கிப் பூட்டி எங்கட சுவரில சொருகினா, அது பின்ற வடிவத்தைத் தான் மாத்தும், வோல்ட்டேஜை மாத்தாது. எங்கட சித்தப்பா கொண்டு வந்த செட் அப்பிடித் தான் ஒரு நிமிஷத்துக்குள்ள நாறிப்போச்சு, தம்பி அப்ப ஆறு வயசு, அவன் அழுத அழுகை எனக்கு இப்பவும் காதில கிடக்கு. அதால பெட்டியின்ர அடியில எழுதியிருக்கிறதை வாசியுங்கோ. 100-240 எண்டு இருந்தா நேரச் சொருகலாம். 120 எண்டு மட்டும் இருந்தா ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேணும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில கேட்டா எடுக்கலாம், பெட்டியில போட்டிருக்கிற வாட்ஸை விட ரெண்டு மடங்காவது தாங்கிறதா எடுங்கோ. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த பெட்டி 50 ஹேர்ட்ஸில கொஞ்சம் கூடச் சூடாகும், அதால அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா கை வச்சுப் பாத்து ஆற விடுங்கோ.

கரிஞ்ச மணம் வந்த பெட்டியைத் திறக்காதேங்கோ, திருத்தவும் குடுக்காதேங்கோ. சுவர்க் கரண்ட் வாற பக்கம் அது, தண்டவாளத்தைப் பிள்ளையள் தான் தொடுவினம். புதுசு வாங்குங்கோ.

பட்டரியிலயும் ஓடேல்ல எண்டா:

சில்லுக்குப் பின்னால மெல்லிய செம்புத் தகடு ஒண்டு உரசிக்கொண்டு நிக்கும், அது சில்லைத் தொடுதோ எண்டு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. ஒரு மயிரளவு இடைவெளி இருந்தாலும் கரண்ட் போகாது. பல்லுக்குத்துற குச்சியால மெல்லமாச் சில்லுப் பக்கம் வளைச்சு விடுங்கோ, குறடு வேண்டாம், அந்தத் தகடு ரெண்டு தரம் வளைச்சா மூண்டாம் தரம் முறியும். தகடு தொடுது, பட்டரியிலயும் அசைவில்ல எண்டா இப்ப தான் மேல்மூடி. உள்ளுக்க அறுந்த வயர் இருந்தா கண்ணுக்கே தெரியும். வயர் நல்லா இருக்கு, மோட்டரின்ர ரெண்டு வாயிலயும் பட்டரியை நேரத் தொட்டும் அசையேல்ல எண்டா மோட்டர் முடிஞ்சுது. சின்ன மூடின மோட்டரை ஆரும் திரும்பச் சுத்தித் தரமாட்டினம், அதே அளவில புதுசு தேடோணும்.

அறிகுறி: ம்ம்ம் எண்டு முனகுது, சில்லு சுத்தேல்ல

கரண்டை உடன நிப்பாட்டுங்கோ. சுத்த ஏலாம நிக்கிற மோட்டர் தான் கெதியாக் கருகிறது.

தலைகீழாக்கி அச்சுக்களைப் பாருங்கோ. தலைமயிர், கார்பெட் நூல், பூனை மயிர். நிலத்தில தண்டவாளம் போடுற வீட்டில இது நிச்சயம். ஊசியால தூக்கி, சின்னக் கத்தரிக்கோலால வெட்டி, ட்வீஸரால எடுங்கோ, இழுக்காதேங்கோ, இழுத்தா கியருக்குள்ள இன்னும் போய்ச் சிக்கும். ஒருக்கா கொட்டாஞ்சேனையில இருந்து வந்த ஒரு எஞ்சினில கிட்டத்தட்ட ஒரு முழ நூல் எடுத்தனான், அந்த வீட்டு அம்மா தைக்கிற மெஷின் வச்சிருந்தவ.

மயிரும் இல்ல நூலும் இல்ல, கன வருஷம் பெட்டிக்குள்ள கிடந்த எஞ்சின் எண்டா பழைய கிரீஸ் காய்ஞ்சு மெழுகு மாதிரி இறுகியிருக்கும். கீழ்மூடியைக் கழட்டினா (இது மேல்மூடி இல்ல, சில்லுப் பக்கம் இருக்கிற தட்டு, கனக்க வகையில ஒண்டு ரெண்டு ஸ்குரூ தான்) பழுப்பு நிறத்தில தெரியும். பல்லுக்குத்துற குச்சியாலயும் பஞ்சாலயும் சுரண்டி எடுத்து, பிளாஸ்டிக்குக்குப் பாதிப்பில்லை எண்டு எழுதின கிரீஸ் ஒரு கடுகளவு வையுங்கோ. கடுகளவு தான். தேங்காயெண்ணெய் விடவே வேண்டாம், அது பிறகு ஒட்டுப்பால் மாதிரி இறுகும், கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கிற ஸ்பிரேயும் வேண்டாம்.

அறிகுறி: மோட்டர் விர்ர் எண்டு சுத்துது, எஞ்சின் நிண்ட இடத்திலயே நிக்குது

ஹஸ்லர் எண்டா றப்பர் பாண்ட் தான், வேற தேடத் தேவையில்ல. அந்த வகையில கியரே இல்ல, மோட்டர்த் தண்டில இருந்து அச்சுக்கு றப்பர் பாண்ட் தான் போகுது, எங்கட வெக்கைக்கு அது ஒண்டில் அறும் இல்லாட்டி பிசுபிசுத்து வழுக்கும். பழசின்ர பிசினை வடிவாத் துடைச்சுப்போட்டு, நீளத்திலயும் தடிப்பிலயும் அதே மாதிரி ஒண்டு போடுங்கோ. வீட்டில மரக்கறிப் பையில கிடந்த பாண்டை ரெண்டு சுத்துச் சுத்திப் போட்டா ஓடும் தான், ஆனா இறுக்கம் கூடி மோட்டர் சூடாகும்.

மற்ற வகையள் எண்டா அச்சுக் கியர். இந்தச் சின்ன எஞ்சினுகளில இரும்பு அச்சில பிளாஸ்டிக் கியரை அடிச்சு இறுக்கியிருப்பினம், வருஷக் கணக்கில அந்த இறுக்கத்திலயே இருந்து பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில நேர வெடிக்கும். வெடிச்சா ரெண்டு மாதிரி தெரியும், முழுக்க வெடிச்சா அச்சு சும்மா உள்ளுக்க சுத்தும், அரைகுறையா வெடிச்சா சில்லு ஒரு சுத்துச் சுத்த ஒருக்கா டிக் எண்டு துள்ளும். மணிக்கூடு திருத்திறவை கண்ணில வைக்கிற லென்ஸ் மாதிரி ஒண்டால பாத்தா வெடிப்புத் தெரியும்.

சூப்பர் குளூ போட்டு ஒட்டுறது பற்றி எல்லாரும் கேக்கிறியள். ஒட்டாது. அந்தக் கியர் செய்யிற வழுக்கல் பிளாஸ்டிக்கில குளூ பிடிக்காது, பிடிச்ச மாதிரி நிண்டு ரெண்டாம் நாள் விட்டுப்போட்டு, வழிஞ்ச குளூ மற்றக் கியரையும் நாசமாக்கும். புதுக் கியர் தான். மொடல் நம்பரைப் பாத்து, பல்லை எண்ணி, வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கோணும்.

அறிகுறி: விட்டு விட்டு ஓடுது, கை வச்சுத் தள்ளினாப் போகுது, திரும்ப நிக்குது

எனக்கு வாறதில மிச்சம் எல்லாத்தையும் கூட்டினாலும் இதுக்குக் கிட்ட வராது. பெரிய எஞ்சினுக்கு எட்டுச் சில்லு பன்னிரண்டு சில்லு, ரெண்டு சில்லு ஊத்தையில நிண்டாலும் மிச்சம் கரண்ட் எடுக்கும். எங்கட குட்டிக்கு நாலு தான், அதிலயும் பிடிப்புக்கு எண்டு ஒரு சோடியில றப்பர் வளையம் போட்டிருந்தா கரண்ட் எடுக்க மிஞ்சிறது ரெண்டு. ஒண்டு ஊத்தையில ஏறினா நிண்டுது.

கடற்கரைப் பக்கம், மெரின் டிரைவுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில யன்னல் திறந்து கிடந்தா உப்புக் காத்து எல்லாத்திலயும் படியும். செட்டோட வாற தண்டவாளம் எதால செய்தது எண்டு பாருங்கோ. பாக்மன் ஈசி ட்ராக்கில கறுப்பு அடித்தளம் எண்டா இரும்பு வகைக் கம்பி, சாம்பல் அடித்தளம் எண்டா நிக்கல் சில்வர். இந்த ஊரில கறுப்பு கெதியாத் துருப்பிடிக்கும், மே மாசம் தென்மேல் பருவமழை தொடங்கினாப் பிறகு இன்னும் கெதி. பழைய பித்தளைக் கம்பி துருப்பிடிக்காது, ஆனா கறுக்கும், அந்தக் கறுப்பு கரண்டை விடாது. புதுசா வாங்கிறவை காசு கொஞ்சம் கூடினாலும் நிக்கல் சில்வரே எடுங்கோ.

துடைக்கிறது இப்பிடி. பாமசியில ஐசோபுரோபைல் அல்கஹோல் எண்டு பேர் சொல்லி வாங்குங்கோ. சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்காதேங்கோ, அதில ஆமணக்கெண்ணெய் கலந்து வாற வகை இருக்கு, துடைக்கத் துடைக்க ஒரு மெல்லிய எண்ணெய்ப் படை பூசினது தான் மிச்சம். கை கழுவுற ஜெல்லும் வேண்டாம், அதில கிளிசரின். பழைய பருத்தித் துணியில நனைச்சு, கம்பியின்ர மேல்பக்கத்தையும் உள்விளிம்பையும் துடையுங்கோ, துணி கறுப்பா வாறது நிக்குமட்டும். கறுப்புப் போகாட்டி பேனை மை அழிக்கிற கரடான அழிறப்பரால உரஞ்சிப்போட்டு, தூளைத் தட்டித் துடையுங்கோ. மண்கடதாசி போடாதேங்கோ, கோடு கோடாக் கீறல் விழும், அந்தக் கீறலுக்குள்ள ஊத்தை குடியிருக்கும், பிறகு கிழமைக்கு ஒருக்காத் துடைக்கோணும்.

சில்லுக்கு: சமையலறையில பாவிக்கிற பேப்பர் டவலை அல்கஹோலில நனைச்சு தண்டவாளத்துக்குக் குறுக்க விரியுங்கோ. எஞ்சினின்ர ஒரு சோடிச் சில்லு பேப்பரில, மற்றச் சோடி வெறும் கம்பியில. கையால பிடிச்சுக்கொண்டு கரண்டைக் குடுத்தா பேப்பரில இருக்கிற சில்லு சுத்திச் சுத்தி ரெண்டு கறுப்புக் கோடு போடும். திருப்பி வச்சு மற்றச் சோடிக்கும். பூச்சில அல்கஹோல் படவிடாதேங்கோ, பெயின்ட் இளகும்.

அதுக்குப் பிறகும் விட்டு விட்டு ஓடினா, எங்க நிக்குது எண்டு பாருங்கோ. எல்லா இடத்திலயும் எழுந்தமானத்துக்கு நிண்டா எஞ்சின், ஒரே இடத்தில நிண்டா தண்டவாளம்.

எழுந்தமானத்துக்கு நிக்குது எண்டா ஒரு கண்ணாடித் துண்டில எஞ்சினை வச்சு ஒவ்வொரு மூலையா விரலால தட்டுங்கோ. ஆடுற கதிரை மாதிரி டக் டக் எண்டா நாலு சில்லும் ஒரே மட்டத்தில இல்ல, ஒண்டு காத்தில நிக்குது. கனதரம் கீழ்மூடி ஸ்குரூவைக் கூட இறுக்கினதால தான் அடித்தட்டு முறுகியிருக்கும், அரைச் சுத்துத் தளத்திப் பாருங்கோ.

ஒரே இடத்தில, ரெண்டு துண்டு தண்டவாளம் பூட்டுற மூட்டில நிக்குது எண்டா இணைப்புத் தகடு தளர்ந்திருக்கு. குறடால மெல்லமா அமத்தி இறுக்குங்கோ. கரண்ட் குடுக்கிற இடத்தில இருந்து தூரப் போகப் போக வேகம் குறையுது எண்டா அதே பிழை தான் மூட்டு மூட்டாச் சேந்திருக்கு, தூரப் பக்கத்துக்கும் ஒரு சோடி வயர் இழுத்து சோல்டர் பண்ணுங்கோ.

பொயின்ட்டுக்கு மேல மட்டும் நிக்குது எண்டா

பொயின்ட் எண்டா தண்டவாளம் ரெண்டாப் பிரியிற இடம். இதுக்குத் தனியாச் சொல்லோணும், ஏனெண்டா இது பிழையே இல்ல, கட்டை எஞ்சினின்ர பிறவிக் குணம். பொயின்ட்டின்ர நடுவில ஆங்கில வி மாதிரி இருக்கிற இடம் கன செட்டுகளில பிளாஸ்டிக், அதில கரண்ட் இல்ல. நீள எஞ்சின் அதைத் தாண்டி நிக்கும், எங்கட எஞ்சின் முழுசா அதுக்குள்ளயே விழுந்திடும்.

முதல்ல, பொயின்ட்டில அசையிற நாக்கு பக்கத்துக் கம்பியை வடிவா முட்டுதோ பாருங்கோ, அதில தூசி இருந்தாலும் இதே அறிகுறி. அது சரி எண்டா கொஞ்சம் வேகமா விட்டுத் தாண்டப் பண்ணலாம், ஆனா பிள்ளையளுக்கு அந்த மெல்ல மெல்ல ஊருற அழகு தானே வேணும். எனக்குப் பிடிச்ச வழி ஒண்டு இருக்கு: ஒரு குட்டிச் சாமான் பெட்டியை நிரந்தரமாப் பின்னுக்குக் கொழுவி, அதின்ர இரும்புச் சில்லில கரண்ட் எடுக்கிற தகடு வச்சு, ரெண்டு மெல்லிய வயரால எஞ்சினோட சேத்துவிடுறது. நாலு சில்லு எட்டாகும். இடப்பக்கத்தை இடப்பக்கத்தோட, வலத்தை வலத்தோட சேக்கிறதில மட்டும் கவனம், மாறினா சோர்ட். பாக்கவும் வடிவு, ஒரு குட்டி எஞ்சின் தன்ர பெட்டியை விடாம இழுத்துக்கொண்டு திரியும். இதுக்கும் சரிவராட்டி நடுவிலயும் கரண்ட் ஓடுற பொயின்ட் வாங்கோணும், பீக்கோ கொம்பனியில எலக்ட்ரோஃப்ரொக், யூனிஃப்ரொக் எண்டு கேளுங்கோ, அதுக்கு சுவிட்ச் வயரிங் தேவைப்படலாம், விலையும் கூட.

அறிகுறி: மெல்லப் போகத் தெரியாது, ஒண்டில் நிக்கும் இல்லாட்டிப் பறக்கும்

ஹஸ்லர் பிறந்ததே அப்பிடித் தான், றப்பர் பாண்டில வேகம் குறைக்கிற கியர் இல்ல. மற்றதுகளுக்கு முதல்ல மேல சொன்ன துடைக்கிற வேலை, ஊத்தைச் சில்லுக்கு மெல்லிய கரண்ட் ஏறாது, கூட்டினாத் துள்ளிப் பாயும். பிறகும் அப்பிடியே எண்டா 1 என் 4001 டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற சின்ன உறுப்பு) நாலு வாங்கி, ரெண்டு ரெண்டாத் தொடர்ந்து பூட்டி, ஒரு சோடியை ஒரு திசைக்கும் மற்றதை எதிர்த் திசைக்கும் சேத்து, தண்டவாளத்துக்குப் போற ஒரு வயருக்கு நடுவில வையுங்கோ. கிட்டத்தட்ட 1.4 வோல்ட் குறையும், பிள்ளையின்ர கைக்கு அது போதும். இந்த டயோட் மலிவு தான்.

கரண்டைத் துண்டு துண்டா அனுப்புற பழைய பல்ஸ் வகைக் கட்டுப்பாட்டுப் பெட்டி மெல்லோட்டத்துக்கு நல்லது தான், ஆனா கோர்லெஸ் மோட்டர் (சுத்துற சுருளுக்குள்ள இரும்பு இல்லாதது) போட்ட புது எஞ்சினுக்குப் பாவிக்காதேங்கோ, சூடாகிக் கருகும்.

அறிகுறி: தண்டவாளத்தை விட்டு விழுது

ஒரே இடத்தில விழுந்தா அந்த மூட்டில விரலை ஓட்டிப் பாருங்கோ, நகத்தில தடக்கினா எஞ்சினும் தடக்கும். மெத்தைக் கார்பெட்டில தண்டவாளம் போடாதேங்கோ, டைல் நிலத்தில இல்லாட்டி பலகையில போடுங்கோ.

வளைவில மட்டும் விழுது எண்டா பின்னால என்ன கொழுவியிருக்கு எண்டு பாருங்கோ. குட்டி எஞ்சினுக்கு இறுக்கின வளைவு பிரச்சினை இல்ல, ஹோர்ன்பியின்ர முதலாம் வளைவு 371 மில்லிமீட்டர் ஆரை, அதில சுகமாத் திரும்பும். ஆனா பிள்ளையள் அதுக்குப் பின்னால நீளப் பயணிகள் பெட்டியைக் கொழுவுவினம், நீளப் பெட்டியின்ர மூக்கு வளைவில வெளிய தள்ளும், பாரமில்லாத எஞ்சினை அப்பிடியே பக்கவாட்டில இழுத்து விழுத்தும். குட்டிப் பெட்டியளைக் கொழுவுங்கோ, இல்லாட்டி 438 மில்லிமீட்டர் ரெண்டாம் வளைவுக்கு மாறுங்கோ.

எல்லா இடத்திலயும் விழுது, பொயின்ட்டில கட்டாயம் விழுது எண்டா சில்லு அச்சில நகர்ந்திருக்கு. எச்ஓ, ஓஓ எண்ட ரெண்டு அளவு ரயிலுக்கும் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், ரெண்டு சில்லின்ர உள்முகத்துக்கும் நடுவில 14.4 இல இருந்து 14.5 வரை இருக்கோணும். டிஜிட்டல் கலிப்பரால அளவுங்கோ. குறைஞ்சிருந்தா சில்லைச் சுத்திச் சுத்தி மெல்லமா வெளிய இழுக்கலாம், நேர இழுத்தா வளைஞ்சு வரும், பிறகு தள்ளாடும்.

அறிகுறி: சில்லு சுத்துது, இழுக்க ஏலாம வழுக்குது

தண்டவாளத்தில எண்ணெய். எஞ்சினுக்கு எண்ணெய் விட்ட கையோட ஓட்டியிருப்பியள். துடையுங்கோ.

அடுத்தது சில்லில இருக்கிற றப்பர் வளையம், எங்கட வெக்கைக்கு ஒண்டில் மினுங்கி இறுகும், இல்லாட்டி உப்பித் தளரும். புதுசு மாத்தோணும், குறுக்களவும் தடிப்பும் ஒத்துவரோணும், தடிப்புக் கூடினா மற்றச் சில்லு தூக்கி நிண்டு கரண்ட் எடுக்காது, அப்ப மேல சொன்ன விட்டு விட்டு ஓடுற பிழை வந்து நிக்கும்.

கடைசியில பாரம். கபினுக்குள்ள வெறுமையா இருக்கிற இடத்தில இரும்பு வோஷரை அடுக்கி ரெண்டு பக்க டேப்பால ஒட்டலாம், வயரிலயோ மோட்டர் வாயிலயோ முட்டாம. முன்னுக்கும் பின்னுக்கும் சமமா வையுங்கோ. தூண்டில் ஈயக்குண்டு கையடக்கமாப் பாரம் தான், ஆனா பிள்ளையள் தொடுற சாமானில நான் ஈயம் வைக்கிறேல்ல. பாரம் கூட்டினாப் பிறகு பத்து நிமிஷம் ஓட்டி மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கோ, சுட்டா பாதியை எடுங்கோ.

அறிகுறி: பின்பக்கமாப் போகுது, இல்லாட்டி ஒரு பக்கம் மட்டும் போகுது

டிசியில வலக்கைப் பக்கக் கம்பி பொசிட்டிவ் எண்டா முன்னுக்குப் போறது தான் பொது வழக்கம். உங்கட எல்லா எஞ்சினும் எதிர்ப்பக்கம் போனா பெட்டி வயரை மாத்திப் பூட்டுங்கோ, ஒண்டு மட்டும் போனா அதுக்குள்ள மோட்டர் வயர் மாறியிருக்கு. முன்னுக்கு நல்லாப் போய்ப் பின்னுக்கு இழுபட்டா மோட்டர்த் தண்டு முன்பின் அசையுது, கியர்ப் பெட்டியின்ர மூடியை வடிவா அமத்தி இருத்தினாப் பாதி சரியாகும்.

அறிகுறி: சூடு, மணம், புகை

நிப்பாட்டுங்கோ, ப்ளக்கைக் கழட்டுங்கோ, ஆற விடுங்கோ. சிப் இல்லாத சாதாரண எஞ்சினை ஆரோ டிசிசி தண்டவாளத்தில வச்சவையோ எண்டு விசாரியுங்கோ, வச்சா நிண்டபடியே இரைஞ்சு சூடாகும், கோர்லெஸ் மோட்டர் எண்டா கெதியில கருகும். அது இல்லாட்டி நூல், இறுகின கிரீஸ், கூடின பாரம், இந்த மூண்டையும் மேல சொன்னபடி பாருங்கோ. மோட்டருக்குள்ள எண்ணெய் விட்டிருந்தாலும் புகைக்கும், மோட்டருக்கு எண்ணெய் உள்ளுக்க இல்ல, தண்டு வெளிய வாற இடத்தில ஊசிமுனையால தொட்ட அளவு தான். ரெண்டாம் தரமும் புகைச்சா இனி நீங்கள் கை வைக்காதேங்கோ.

பட்டரி போட்டு ஓடுற பிளாஸ்டிக் தண்டவாள வகை

ஜப்பான் பிளாரெயில் மாதிரி நீலத் தண்டவாளத்தில ஓடுறதுகள். இதில தண்டவாள ஊத்தைப் பிரச்சினை இல்ல. நிண்டா பட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கோ, வெள்ளையாயோ பச்சையாயோ பூத்திருந்தா அல்கலைன் பட்டரி கசிஞ்சிருக்கு. பஞ்சில ரெண்டு துளி தேசிக்காய்ப்புளி தொட்டுத் துடைச்சு, பிறகு தண்ணி ஒத்தி, பிறகு அல்கஹோலால துடைச்சுக் காய விடுங்கோ. கையில படாமப் பாருங்கோ. பள்ளிக்கூடம் தொடங்கி விளையாடாம வைக்கிற நேரம் பட்டரியைக் கழட்டி வச்சா இது வராது.

ஆரிட்டக் கொண்டு போறது

கொழும்பில இதுக்கெண்டு வேர்க்‌ஷொப் தேடி அலையாதேங்கோ, வேலையைப் பிரிச்சுக் குடுங்கோ. அறுந்த வயர், டயோட், டிசிசி சிப்பில கழண்ட கால் எண்டா போன் திருத்திற பொடியளிட்ட, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கமோ புறக்கோட்டையிலயோ, அவையின்ர சோல்டரிங் அயன் முனை மெல்லிசு, கையும் நிதானம். வெடிச்ச கியரைக் கழட்டிப் புதுசு அடிக்கிறது, நகர்ந்த சில்லை நேராக்கிறது எண்டா மணிக்கூடு திருத்திற ஐயாமாரிட்டப் போங்கோ, அச்சை வளைக்காம இழுக்கிற சின்னக் கருவி அவையிட்ட இருக்கும், இந்த மாதிரி வேலையை அவையள் ஆசையாச் செய்வினம், நான் கண்டிருக்கிறன்.

குடுக்கேக்க ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ: 9 வோல்ட்டில ஓடினதோ, எந்தச் சில்லில தொடேக்க ஓடினது, முன்னுக்கோ பின்னுக்கோ நிண்டது, நீங்கள் ஏதும் கழட்டினியளோ. கழட்டின ஸ்குரூவையும், வெடிச்ச கியரையும், அறுந்த றப்பர் பாண்டையும் எறியாம ஒரு குளிசை டப்பாவில போட்டுக் கூடவே குடுங்கோ, பழசை வச்சுத் தான் அவர் புதுசுக்கு அளவெடுப்பார்.